டபுள் கிளாஸ் ஜன்னல் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

இடவப்பாதி மழை ஒரு தடவை, ஐப்பசி மழை ஒரு தடவை என்று குமரி மாவட்டத்து ஜன்னல்கள் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கின்றன. போதாததற்கு முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்றோடு வரும் மண். இங்கே டபுள் கிளாஸ் ஜன்னலில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிரேமின் அடியில் தேங்கும் தண்ணீரிலிருந்துதான் கிளம்புகின்றன. கண்ணாடிக்குள் பனி கட்டினாலும் சரி, ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறினாலும் சரி, முதல் பார்வை அடிச்சட்டத்துக்கு.

இதில் பிரேம் என்றால் சுவரோடு நிற்கும் சட்டம். ஷட்டர் என்றால் திறந்து மூடும் பாகம். பீடிங் என்பது கண்ணாடியைச் சுற்றி அழுத்திப் பிடிக்கும் கிளிப் பட்டை. இரண்டு கண்ணாடியும் ஒட்டிச் சேர்ந்த யூனிட்டைக் கடையில் டிஜியு என்பார்கள். வீடுகளுக்கு அதிகம் வருவது 5-12-5: ஐந்து மி.மீ. கண்ணாடி, பன்னிரண்டு மி.மீ. இடைவெளி, மறுபடி ஐந்து மி.மீ. கண்ணாடி, மொத்தம் 22 மி.மீ. ஓரத்தைச் சுற்றி அலுமினிய ஸ்பேசர் ஓடும். அதன் வயிற்றுக்குள் ஈரம் உறிஞ்சும் பொடி மணிகள் இருக்கும். ஸ்பேசருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்பு பியூட்டைல் பசை. அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கான். ஈரத்தைத் தடுப்பது பியூட்டைல், யூனிட்டைச் சேர்த்துப் பிடிப்பது வெளிப்பசை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் இரண்டும் தாங்காது.

கழற்றுவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் 2.5 கிலோ. இரண்டடிக்கு நாலடி அளவில் 5-12-5 யூனிட் ஏறக்குறைய பதினெட்டரைக் கிலோ வரும். ஷட்டர் சட்டம் தனி. மாடி ஜன்னலில் இரண்டு பேர் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

வேண்டிய சாமான்: பெயின்டர் வைத்திருக்கும் பட்டி பிளேடு, ரப்பர் சுத்தியல், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 4 மி.மீ. ஆலன் கீ, டேப், டார்ச், 1 முதல் 5 மி.மீ. வரை பிளாஸ்டிக் பேக்கர் துண்டுகள் (கண்ணாடிக்கு அடியிலும் ஓரத்திலும் முட்டுக் கொடுப்பவை), ஒரு ட்யூப் நியூட்ரல் சிலிக்கான், சிலிக்கான் ஸ்ப்ரே, நாலைந்து தென்னை ஈர்க்கு, ஒரு பழைய தோர்த்து.

கண்ணாடி பனித்திருக்கிறது

பனி எந்த முகத்தில் இருக்கிறது என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். பதில் மூன்றில் ஒன்று.

வெளிமுகத்தில் தேய்த்தால் அழிகிறது: ஜன்னலில் கோளாறு இல்லை. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இறங்கிய எந்தப் பரப்பிலும் தண்ணீர் துளிர்க்கும். மழை விட்ட இரவுகளில் இது சாதாரணம். ஏசி போட்ட அறையில் மட்டும், அதுவும் ஒரே இடத்தில் வட்டமாகப் பனித்தால் ஏசியின் காற்று அந்தக் கண்ணாடியில் நேராக அடிக்கிறது. இறக்கையைத் திருப்பி விட்டால் போதும். ஓரங்களில் முதலில் பனிப்பதற்குக் காரணம் அலுமினிய ஸ்பேசர். குளிர் அதன் வழியாகத்தான் எளிதில் கடக்கிறது.

உள்முகத்தில் அழிகிறது: இரவெல்லாம் ஏசி ஓடிய அறையில் காலையில் ஜன்னலைத் திறந்து விட்டால் வெளியீரம் உள்ளே வந்து குளிர்ந்த கண்ணாடியில் படியும். ஏசியை அணைத்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். துடைத்து விடுங்கள், அடி ரப்பரில் சேர விட்டால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு பக்கமும் தேய்த்தும் அழியவில்லை: பனி நடுவில். யூனிட்டின் ஓரப்பசை விட்டுவிட்டது. ஆரம்பத்தில் காலையில் தெரியும், உச்சிக்கு மறையும். மணிகள் ஈரத்தால் நிறைந்த பிறகு நாள் முழுக்க நிற்கும். அதற்கும் பிறகு, பனி காய்ந்த இடங்களில் வெள்ளைப் படலமும் வடிந்த கோடுகளும் விழும்; அந்தக் கறை உள்முகத்தில் இருப்பதால் எந்தத் துணியும் எட்டாது.

கண்ணாடியில் துளை போட்டு உலர வைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. பனி கொஞ்ச நாள் போகும். உறிஞ்சும் மணிகள் செத்தது செத்ததுதான், ஓரப்பசை விட்டது விட்டதுதான். அடுத்த மழையில் திரும்ப வரும். டெம்பர் செய்த (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போட்டால் யூனிட்டே பொடியாகும். அந்தக் காசைப் புது டிஜியுவில் போடுங்கள். பிரேமை மாற்ற வேண்டியதில்லை, கண்ணாடி யூனிட் மட்டும் போதும்.

ஆனால் பழைய யூனிட் ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பீடிங்கைக் கழற்றியதும் நாலு விஷயம் பாருங்கள். கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா, அல்லது நின்ற கோடு தெரிகிறதா? கண்ணாடி பேக்கர் மேல் உட்கார்ந்திருக்கிறதா, பிரேமின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? பேக்கர் முழு 22 மி.மீ. அகலத்துக்கும் தாங்குகிறதா? அகலம் குறைந்த துண்டை வைத்தால் ஒரு கண்ணாடிதான் உட்காரும். மற்றது தன் எடையில் கீழே இழுபட்டு, நடுவில் உள்ள பசையை அறுக்கும். நாலாவது, ஓரத்தில் யாராவது வினிகர் வாசனை அடிக்கிற சாதா சிலிக்கானை அப்பியிருக்கிறார்களா? அது உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், யூனிட்டின் ஓரப்பசை அதற்கு இணங்காது. டிஜியு பக்கம் நியூட்ரல் சிலிக்கான் மட்டும்.

மாற்றும் வரிசை:

1. பீடிங்குகளுக்குப் பின்பக்கம் பென்சிலால் எண் போடுங்கள். நீளமான பீடிங்கில் தொடங்குங்கள். அதுதான் அதிகம் வளையும். பட்டி பிளேடை பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே, நீளத்தின் நடுவில் செருகி ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கண்ணாடிப் பக்கம் நெம்பக் கூடாது.
2. நாலு பீடிங்கும் வந்ததும் கண்ணாடியை மேலிருந்து உள்ளே சாய்த்து எடுங்கள். மற்றவர் வெளிப்பக்கம் கை கொடுக்கட்டும்.
3. கழற்றிய யூனிட்டை அளங்கள்: அகலம், உயரம், மொத்தத் தடிப்பு, ஸ்பேசர் அகலம். பீடிங் மாட்டியிருக்கும்போது தெரியும் கண்ணாடியை அளந்து ஆர்டர் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு. பள்ளத்தை அளந்து போடுவதானால் நாலு பக்கமும் 5 மி.மீ. விட வேண்டும், அதாவது அகலத்தில் 10, உயரத்தில் 10 மி.மீ. குறையும்.
4. பள்ளத்தைக் கழுவித் துடைத்து, வடிதுளைகளில் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.
5. பேக்கரை மூலையிலிருந்து 50 முதல் 100 மி.மீ. தள்ளி வையுங்கள். வடிதுளையை மறைக்கக் கூடாது; அடியில் தண்ணீர் ஓட வழி இருக்க வேண்டும்.
6. மாட்டும்போது குட்டைப் பீடிங் முதலில், நீளமானது கடைசியில். நீளத்தை வில்லாக வளைத்து இரண்டு நுனியையும் பொருத்திவிட்டு நடுவைத் தட்டினால் கிளிப் விழும்.

வெயிலைத் தடுக்கும் கோட்டிங் உள்ள கண்ணாடி வாங்கினால் அது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து மாட்டுங்கள். வெயில் ஊரில் கோட்டிங் வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில், இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். இரவில் லைட்டரைக் கண்ணாடி அருகே பிடித்தால் நாலு சுடர் தெரியும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று. நிறம் மாறித் தெரிகிற சுடர்தான் கோட்டிங் உள்ள முகம். வெளியிலிருந்து எண்ணினால் அது இரண்டாவதாக வர வேண்டும். இரண்டே சுடர் தெரிந்தால் உங்களுக்கு மாட்டியிருப்பது டபுள் கிளாஸே இல்லை. ஆர்கான் வாயு நிரப்பச் சொல்லி அதிகப் பணம் கொடுப்பது இந்தப் பருவநிலைக்கு அவ்வளவு அவசியமில்லை. வெயிலைத் தடுக்கும் கோட்டிங்குக்கே அந்தப் பணம் தகும்.

மழைக்கு ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் வருகிறது

எல்லோரும் உடனே சிலிக்கான் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். வெளிப்பக்கம் கண்ட இடத்தில் எல்லாம் அப்பும்போது வடிதுளையும் சேர்ந்து அடைபடும். அடுத்த மழையில் கசிவு இரண்டு மடங்காகும்.

யுபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னலில் மழைத்தண்ணீர் பிரேமுக்குள் போவது குற்றம் இல்லை. போன தண்ணீர் வெளியே வர வேண்டும், அமைப்பே அப்படி. உள்பள்ளத்தில் ஒரு துளை, வெளிமுகத்தில் ஒரு துளை, இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி. வெளித்துளை கிட்டத்தட்ட 5 மி.மீ. உயரம், 25 முதல் 30 மி.மீ. நீளத்தில் பிளவாக இருக்கும். இந்தப் பிளவுக்குள் மண்குளவி கூடு கட்டும். வெளியே பார்த்தால் ஒரு துளி சிமென்ட் காய்ந்தது போலத்தான் தெரியும். ஈர்க்கை விட்டுக் குடைந்தால் களிமண் உருண்டையும், அதற்குப் பின்னால் காய்ந்த சிலந்திகளும் வரும். வெளிநாட்டில் வேலை என்று ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒரு துளைகூடத் திறந்திருக்காது. வெள்ளையடிக்கும்போது சொட்டிய பெயின்டும், பூச்சு வேலையில் தெறித்த கலவையும் அடுத்த காரணங்கள். கம்பியால் குத்தினால் உள்ளறைச் சுவர் கிழியும், ஈர்க்கே போதும்.

சோதனை இப்படி. டிராக்கில், அதாவது ஷட்டர் ஓடும் அடிப்பள்ளத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் வெளியே போய்விட வேண்டும். போகவில்லை என்றால் அடைப்பு. தண்ணீர் டிராக்கிலிருந்து காணாமல் போகிறது, ஆனால் வெளித்துளை காய்ந்தே இருக்கிறது என்றால் பிரேமுக்கு அடியில் வழி இருக்கிறது. அதே தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். உள்சுவர் ஈரத்தில் நீலம் தெரிந்தால் வழி உறுதி. அடிச்சட்டத்தின் வழியாகச் சுவருக்கு ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். தண்ணீர் ஓடும் அறையைத் துளைத்துக்கொண்டு போன அந்த ஸ்க்ரூ வழியாகத்தான் இறங்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, துளையில் நியூட்ரல் சிலிக்கானை நிறைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைத் திரும்ப இறக்கி, தலைமேலும் சிலிக்கான் வைத்து மூடுங்கள்.

டிராக் சோதனையில் தேறிவிட்டால் ஹோஸ் பைப். எப்போதும் கீழிருந்து மேலாக. முதலில் பிரேமின் அடி விளிம்பில் பத்து நிமிஷம், பிறகு பக்கங்கள், பிறகு மேல் விளிம்பு, கடைசியாக சன்ஷேடுக்கு மேலே சுவர். உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எது வழி என்றே தெரியாது.

பக்கத்து இடுக்கில் கசிந்தால் பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழையதின் மேல் புதியது ஒட்டாது. சுவரும் பிரேமும் நன்றாகக் காய வேண்டும், ஆகவே இதைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்வது நல்லது. இடுக்கில் உருண்டையான நுரைக் கயிற்றைத் திணித்து, அதன் மேல் சிலிக்கான் இடுங்கள். 12 மி.மீ. அகல இடுக்குக்கு 6 மி.மீ. ஆழம் சிலிக்கான் போதும். ஆழம் கூடினால் விரிந்து சுருங்க முடியாமல் ஒரு பக்கம் பிய்யும். வெறும் பியூ (பாலியூரித்தேன்) நுரையை மட்டும் அடித்து விட்டிருந்தால் அது மழையைத் தடுக்காது. வெயிலில் பொடிந்தும் போகும்.

சன்ஷேடிலிருந்து கசிந்தால் கொத்தனார் வேலை. சன்ஷேடின் அடிமுகத்தில், வெளி விளிம்பை ஒட்டி அரை அங்குலக் காடி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வரும். ஜன்னல் அடித்திண்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பூச்சில் உள்பக்கம் சரிந்துவிட்ட திண்டுகள் நிறைய உண்டு. அதை வைத்துக்கொண்டு எத்தனை ட்யூப் சிலிக்கான் அடித்தாலும் காசுக்குத்தான் கேடு.

எல்லாம் சரியாக இருந்தும் பெருங்காற்றோடு மழை வரும்போது மட்டும் டிராக் நிரம்பி உள்ளே வழிகிறதா? அது காற்றின் அழுத்தம். 60 கி.மீ. வேகக் காற்று 17 மி.மீ. உயரத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும், 80 கி.மீ. காற்று 30 மி.மீ.; 100 கி.மீ. காற்று 47 மி.மீ. டிராக்கின் உள்பக்கத் தடுப்பை அளந்து பாருங்கள். 30 மி.மீ. இருந்தால் 80 கி.மீ. காற்றுக்கு மேல் தண்ணீர் உள்ளே வருவதை எந்தத் துளையும் தடுக்காது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி மாதிரிப் புயலுக்கு ஸ்லைடிங் ஜன்னலோடு சண்டை போட்டுப் பயனில்லை. வெளித்துளைகளுக்கு மடல் வைத்த மூடி போட்டால் சாதாரணச் சாரலுக்கு உதவும். கடலைப் பார்த்த அறைகளில் அடுத்த முறை மாற்றும்போது, ரப்பரில் அழுந்தி மூடும் கீல் ஜன்னலே வாங்குங்கள்.

கீல் ஜன்னல் அடியில் உரசுகிறது, மூடும்போது தூக்க வேண்டியிருக்கிறது

ஷட்டரின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் என்றால் ஷட்டர் சாய்ந்துவிட்டது. யுபிவிசி சட்டம் தானாக விறைத்து நிற்காது. உள்ளே இருக்கும் கண்ணாடிதான், பேக்கர் வழியாக, குறுக்குத் தாங்கல் மாதிரி அதை நிமிர்த்தி வைக்கிறது. பேக்கர் நழுவியிருக்கும், அல்லது வைக்கவே மறந்திருப்பார்கள்.

பீடிங்கைக் கழற்றுங்கள், கண்ணாடியை எடுக்க வேண்டாம். கீல் பக்கம் அடியில் ஒரு பேக்கர் இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்கு நேர் குறுக்கே, கைப்பிடிப் பக்கம் மேல் மூலையில், கண்ணாடி விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே அடுத்தது. பட்டி பிளேடால் மெல்ல நெம்பி 1 மி.மீ., 2 மி.மீ. என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை மூடிப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் தூக்கிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரியும். அடியிலும் மேலிலும் இடைவெளி ஒன்றுபோல் வந்ததும் நிறுத்துங்கள். மூலையைத் தவறிக் கைப்பிடிப் பக்கம் அடியில் வைத்தால் ஷட்டர் இன்னும் தொங்கும்.

மூலைவிட்டம் சரியாக இருந்தும் உரசினால் ஸ்டே (ஷட்டரைத் தாங்கித் திறக்க வைக்கும் மடக்குக் கை) தேய்ந்திருக்கிறது அல்லது அதன் ஸ்க்ரூ துளை பெருத்திருக்கிறது. துளை பெருத்திருந்தால் ஒரு சுற்றுத் தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். ஸ்டே மாற்றுவதானால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். நீளம், மடக்கிய உயரம் 13 மி.மீ.யா 17 மி.மீ.யா, பக்கவாட்டில் திறப்பதா மேல் கீலா என்ற மூன்றும் ஒத்து வர வேண்டும். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் வேண்டாம், 316 ரகம் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவதை வைத்து 316 என்று நம்பிவிடாதீர்கள், 304-லும் ஒட்டாது. பில்லில் எழுதி வாங்குவதே வழி.

ஸ்டேயின் வழுக்குக் கட்டையில் எண்ணெய் போடக் கூடாது. அதன் பிடிமானத்தில்தான் ஜன்னல் காற்றில் நிற்கிறது. இறுக்கம் குறைந்திருந்தால் கட்டையில் உள்ள பித்தளை ஸ்க்ரூவைக் கால் சுற்று முடுக்குங்கள்.

ஸ்லைடிங் ஜன்னல் இழுக்க வரவில்லை

டிராக்கில் மண்ணும் தலைமுடியும் சேர்ந்து பாய் மாதிரிப் படிந்திருக்கும். முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு ஈரத் தோர்த்து. அதன் பிறகும் கனத்தால் ஷட்டரின் பக்கச் சட்டத்தின் அடியில் உள்ள துளைக்குள் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை விட்டு ரோலரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டு ரோலரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். லாக் பக்கச் சட்டம் பிரேமுக்கு இணையாக வந்து சேர்வதே அடையாளம். திருகியும் அசையவில்லை என்றால் ரோலர் துருப்பிடித்து உறைந்திருக்கிறது. ரோலரை இறக்கி, ஷட்டரை மேலே தூக்கி, அடியை உள்ளே இழுத்துக் கழற்றி மாற்றுங்கள். டபுள் கிளாஸ் எடைக்கு ஒற்றைக் கண்ணாடி ரோலர் தாங்காது. எத்தனை கிலோவுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மூரில் வலுவாக இருக்கிறது. ஒரு வாரம் சுகமாக ஓடும், பிறகு மண்ணோடு குழைந்து பசையாகி, எறும்பும் வரும். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் எதுவும் ஜன்னல் ஓரத்து இபிடிஎம் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிப் பதமிழக்கும். சிலிக்கான் ஸ்ப்ரேதான் டிராக், ரப்பர் இரண்டுக்கும் ஒத்தது.

கைப்பிடி திரும்பவில்லை, அல்லது சும்மா சுற்றுகிறது

ஷட்டரைத் திறந்து வைத்துக் கைப்பிடியைத் திருப்புங்கள். திறந்த நிலையில் இலகுவாகத் திரும்பினால் லாக் நல்லது, ஷட்டர் பொருந்தவில்லை; மேலே சொன்ன பேக்கர் வேலைக்குப் போங்கள். திறந்தும் இறுகினால் கோளாறு உள்ளே இருக்கும் லாக் கியரில். சும்மா சுற்றினால் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் 7 மி.மீ. சதுரக் கம்பி தேய்ந்திருக்கிறது அல்லது நீளம் குறைவு. கைப்பிடி மூடியைத் திருப்பினால் இரண்டு ஸ்க்ரூ தெரியும். பத்து நிமிஷ வேலை.

மூடியும் காற்று விசிலடிக்கிறது

ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் முதலில் வரும் புகார் இது. ஒரு தாள் துண்டை ரப்பருக்கும் பிரேமுக்கும் இடையே வைத்து மூடி இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது. வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஒட்டவில்லை. சுற்றிலும் அரையடிக்கு ஒரு முறை செய்து பாருங்கள். லாக் பக்கம் மட்டும் தளர்வு என்றால் ஷட்டர் ஓரத்தில் உள்ள காளான் தலை முளைகளை ஆலன் கீயால் திருப்பி 1 மி.மீ. உள்ளே இழுக்கலாம். மூலைகளில் மட்டும் என்றால் ரப்பர் சுருங்கி வாய் பிளந்திருக்கும். மாற்றும்போது பழைய ரப்பரில் இரண்டு அங்குலம் வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பள்ளத்தில் செருகும் வாலின் அளவு மாறும். இழுத்துப் பொருத்தினால் சில மாதத்தில் சுருங்கும். நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். இணைப்பு மேல் சட்டத்தின் நடுவில் வரட்டும், அடியில் வேண்டாம்.

கல் படாமலே கண்ணாடியில் விரிசல்

விரிசல் ஓரத்தில் செங்குத்தாகத் தொடங்கி, சற்று உள்ளே போனதும் வளைந்து நெளிந்தால் அது வெப்ப விரிசல். ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கிளம்பினால் ஏதோ பட்டிருக்கிறது. டபுள் கிளாஸின் உள்முகத்தில் கறுப்பு சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டுவது வெப்ப விரிசலுக்கு முதல் காரணம். உள்கண்ணாடி சூடேறும், வெப்பம் போக இடைவெளி விடாது, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் மட்டும் குளிர்ந்து நிற்கும். மாலை வெயில் படும் மேற்கு ஜன்னலில் பிலிம் ஒட்டவே வேண்டாம். ஒரு கண்ணாடியை மட்டும் மாற்ற வழியில்லை, யூனிட்டையே மாற்ற வேண்டும். அதுவரை விரிசலின் மேல் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வையுங்கள். மாற்றும்போது அந்த ஜன்னலுக்கு டெம்பர் கண்ணாடியாகக் கேளுங்கள். டெம்பர் செய்தபின் வெட்ட முடியாது, அளவு பிசகினால் புது யூனிட்தான்.

வடிதுளையில் பழுப்பு நீர், சட்டத்தில் கறை, கண்ணாடியில் வெள்ளைப் படலம்

வடிதுளையிலிருந்து துருநீர் வடிந்தால் யுபிவிசிக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்துக்குத் தண்ணீர் போகிறது. உள்ளறை எங்கோ துளைபட்டிருக்கிறது. பெரும்பாலும் அதே அடி ஸ்க்ரூதான். கறையை மட்டும் தேய்த்து விட்டுவிடாதீர்கள்.

அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால் உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருப்பதால் வந்த அரிப்பு. பொடியைச் சுரண்டி, ஸ்க்ரூவுக்கு நைலான் வாஷர் போட்டு, சிலிக்கானில் பதியுங்கள்.

கடலோரத்தில் கண்ணாடியை நேராகத் துணியால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறும். முதலில் நல்ல தண்ணீரை ஓட விட்டு, பிறகு சோப்புத் தண்ணீர். உப்புக் கலந்த போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் புதுப் படலம்தான் மிச்சம். பாத்ரூம் ஆசிட் எந்தக் கறைக்கும் கூடாது, அலுமினியத்தின் மேல்பூச்சை அது தின்னும். சிமென்ட் தெறித்திருந்தால் காய்வதற்கு முன் கழுவி விடுங்கள். காய்ந்த சிமென்டின் காரம் கண்ணாடியையே அரித்துத் தடம் விடும்.

டபுள் கிளாஸ் போட்டும் ரோட்டுச் சத்தம் குறையவில்லை

மார்த்தாண்டம், தக்கலை மெயின் ரோட்டு வீடுகளில் கேட்பது. ஸ்லைடிங் ஜன்னல் என்றால் சத்தம் ஷட்டர் ஓரத்துப் பிரஷ் பட்டையின் இடுக்கு வழியாக வருகிறது, கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கீல் ஜன்னல் என்றால் மேலே சொன்ன தாள் சோதனையும், பிரேமைச் சுற்றிய இடுக்கும் முதலில். இரண்டும் சரி என்றால் காரணம் 5-12-5 தான். இரண்டு கண்ணாடியும் ஒரே தடிப்பாக இருந்தால் ஒரே சுதியில் அதிரும். யூனிட் மாற்ற வேண்டிய நாள் வரும்போது ஒரு பக்கத்தைத் தடிப்பு வேறாக, முடிந்தால் நடுவில் படலம் ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியாகப் போடுங்கள். அதற்கு முன், கூடுகிற தடிப்பை உங்கள் சட்டத்தின் பள்ளமும் பீடிங்கும் ஏற்குமா என்று அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.